ஆமை வாயில் என் காசு

பஸ் மணலூர்பேட்டைப் பாலத்தில் போனால் பெண்ணையாற்றில் காசு போட்டுக் கும்பிடுவது என் வழக்கம். போன மாதம் கல்வராயன் மலையில், ஒரு தனியார் பூங்காவின் ஆமைத் தொட்டியைப் பார்த்ததும் கை தானாகக் காசை வீசிவிட்டது. ஓர் ஆமை அதைக் கவ்வியது.

"முழுங்கினா ஆமை செத்துப்போயிடும்ங்க!" என்று காவலாளி அலறினார். தொட்டிக்குள் குதித்தேன்.

"இன்னாங்க பண்றீங்க? வேட்டி மெதக்குது!" என்று கத்தினாள் மனைவி.

ஆமையின் வாயருகே விரலை நீட்டினேன். என் விரல் அதிக ருசியாகத் தெரிந்ததோ என்னவோ, காசைத் துப்பிவிட்டு விரலைக் கடித்தது. "காசு வந்துடுச்சி!" என்று வலியோடு கூவினேன். கூட்டமே கைதட்டியது. விரலும் முழுசாகத் திரும்பியது.

இப்போதெல்லாம் பூங்கா வாசலிலேயே சட்டைப்பையை மனைவியிடம் காலி செய்துவிடுகிறேன். ஆமைக்குக் கும்பிடு மட்டும்தான்.