ஹாஜியாரின் மூக்கும் விளாம்பழப் பாணிக் கோழியும்

அடுப்படியில் நிற்கிற தம்பிமாருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்பிகியூ கோழிக்குப் பூசுகிற பழப்பாணிக்கு உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். பாணி வற்றும், உப்பு வற்றாது. இவ்வளவுதான் பாடம். இதைப் படிக்க நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இவ்வளவு கடதாசி.

1. பாணி

நான் டோஹாவில் ஒரு ஹோட்டல் குசினியில் கிரில் பக்கம் நின்றவன். அங்கே செஃப் அதைக் 'கிளேஸ்' என்பார். பழச்சாறும் சீனியும் வினாகிரியும் போட்டுக் காய்ச்சி, வெந்த கோழிக்கு மேல் பிரஷ்ஷால் பூசித் தணலில் இரண்டு பிரட்டுப் பிரட்டினால் கோழி மினுங்கும். ஊருக்கு வந்து கல்முனையில் ஹாஜியாரின் கடையில் சேர்ந்ததும் அதை நம் ஊர்ச் சாமானில் செய்து பார்த்தேன். விளாம்பழத்தைக் கரைத்து வடித்து, அன்னாசிச் சாறு, இனிப்புக்குக் கித்துள் பாணி, இஞ்சி, உள்ளி, கொச்சிக்காய்த்தூள் போட்டுக் காய்ச்சினேன். இனிப்பும் புளிப்பும் உறைப்பும் ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டு தொண்டையில் இறங்கும்.

கடைப் போர்டில் 'கிளேஸ் சிக்கன்' என்று எழுதினேன். ஹாஜியார் அதை அழித்துவிட்டுப் 'பாணிக் கோழி' என்று எழுதினார். சனங்கள் இரண்டையும் வாசிக்கவில்லை. "காக்கா, அந்த மினுங்கிற கோழில ஒண்டு கட்டுங்க" என்றுதான் என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்கள்.

ஹாஜியார் எங்கள் முதலாளி. நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி, வாயில் மேலும் கீழும் கட்டுப்பல், உடம்பில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. தேத்தண்ணீரைச் சீனி இல்லாமல் குடித்துவிட்டு, சீனி போட்டுக் குடிக்கிறவனை முறைத்துப் பார்ப்பார்.

2. மூக்கு

நோன்பு மாதத்தில் எங்கள் குசினிக்கு ஒரு பெரிய கரைச்சல். ருசி பார்க்க ஆள் கிடையாது. சமைக்கிறவன் நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளி மௌலவி சொல்லியிருக்கிறார். ஹாஜியார் அதை ஏற்கவில்லை.

"மௌலவி அவர்ட குசினிக்குச் சொல்லட்டும். என்ட குசினியில நோன்பாளி ஒருத்தனும் நாக்க நீட்டப்படா. பேணுதல் வேணும்டா, பேணுதல்!"

அதனால் நோன்பில் எங்கள் எல்லாருக்குமான நாக்கு யோகன்தான். பாண்டிருப்பு இந்துப் பெடியன், அவனுக்கு நோன்பு இல்லை. தணல் போடுவது அவன் வேலை. சிரட்டைக்கரியை அவன் பற்றவைத்தால் புகை கண்ணில் படாது.

ஆனால் கடைசித் தீர்ப்பு ஹாஜியாருடைய மூக்கினுடையது. பின்னேரம் குசினிக்கு வருவார். "யோகன், நீ போய் ஐஸ் வாங்கிட்டு வா. றபீக், முன்னுக்குப் போய் மேசையத் துடை" என்று என்னையும் அனுப்பிவிடுவார். கதவைச் சாத்துவார். கொஞ்ச நேரத்தில் மூக்கைத் தடவிக்கொண்டு வெளியே வருவார்.

"புரியாணிக்கு உப்புக் காணா. மணத்துல தெரியிது."

பார்த்தால் உப்புக் காணாமல்தான் இருக்கும். ஒருதரம்கூடப் பிழைத்தது கிடையாது. பள்ளிவாசலிலும் சந்தையிலும் அந்த மூக்கைப் பற்றிக் கதைத்தார்கள். நானும் பழகிப் பார்த்தேன். சட்டிக்குள் முகத்தை விட்டு நன்றாக இழுத்தேன். கொச்சிக்காய்த்தூள் ஏறி அசர் தொழுகை முழுக்கத் தும்மினேன். உப்பு மட்டும் தெரியவேயில்லை.

ஒவ்வொரு நாளும் எதற்கு ஐஸ் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஃப்ரீசர் மூட முடியாத அளவுக்கு ஐஸ் நிறைந்து கிடந்தது. அவ்வளவு மடையர்களாக இருந்திருக்கிறோம்.

3. வெள்ளிக்கிழமை

அந்த வருடம் ஹாஜியாரின் மகளுக்குக் கலியாணம் முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். மாப்பிள்ளை பாலமுனை. அவருடைய உம்மா சமையலில் பெரிய கை, வாயும் பெரியது. கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "சோறு நல்லம். இறைச்சிக்குத்தான் உப்பு எங்கயோ போயிட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை பாலமுனையில் பஸ் ஏறிக் கல்முனை வந்து, ஹாஜியாரின் வீட்டுக்குள் போய்க் குந்திக்கொண்டது. மகள் பாலமுனைக்குப் போகும்போதெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டு அழுதுகொண்டு வந்தாள்.

கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் நோன்பு மாதத்தின் நடுவில் ஒரு நாள் சம்பந்தி வீட்டாரை நோன்பு திறக்க அழைத்தார்கள். கடைக்குப் பின்னால் அதே வளவில்தான் ஹாஜியாரின் வீடு. சமையல் என் பொறுப்பு. பலர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் சோறு போட்டு, நடுவில் முழுப் பாணிக் கோழி வைக்க வேண்டும். காலையிலேயே ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார்.

"றபீக், இண்டைக்கு உப்புப் பிழைச்சா நாளைக்கு நீ குசினிக்க வரத் தேவல்ல. என்ட புள்ள இனியும் அழுறதப் பாக்க எனக்கு ஏலா."

அவர் கண் கலங்கியிருந்தது. வீட்டில் எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள்.

பாணி அடுப்பில் ஏறியது. யோகனைக் கூப்பிட்டேன்.

"யோகன், கோழில ஒரு துண்டு திண்டு பாரு."

"காக்கா, இண்டைக்கு வெள்ளிக்கிழமையல்லவா? நான் கோழி, மீன் ஒரு மச்சமும் திங்கமாட்டன்."

"யா அல்லாஹ்! உனக்கு இண்டைக்குத்தானா வெள்ளிக்கிழமை?"

"உங்களுக்கும் இண்டைக்குத்தான் காக்கா. பாணிய வேணுமெண்டாப் பாக்கிறன். அது பழம்தானே."

பார்த்தான். உப்புக் காணாது என்றான். நான் அள்ளிப் போட்டேன். பாணி அப்போது பாதியும் வற்றியிருக்கவில்லை என்பது நோன்புத் தலைக்குள் ஏறவில்லை. வற்ற வற்றப் பாணி குறைந்தது, உப்பு அப்படியே கிடந்தது. நான் பாட்டுக்குப் பிரஷ்ஷைத் தோய்ப்பதும் கோழியில் பூசுவதுமாக நின்றேன். பிறகுதான் பயம் பிடித்தது.

"யோகன், மறுகா ஒருக்கா பாணிய நக்கிப் பாரு."

அவன் இரண்டு அடி பின்னுக்குப் போனான். "ஏலா காக்கா. பிரஷ் கோழில பட்டு மறுகா சட்டிக்க போயிட்டு. இப்ப அது மச்சம்."

"ஒரு துளிதானேடா!"

"நீங்க இப்ப ஒரு துளி தண்ணி குடிப்பீங்களா?"

மௌலவி சொன்னது ஞாபகம் வந்தது. ஹாஜியார் சொன்னது அதைவிடப் பலமாக ஞாபகம் வந்தது. இனி அந்த மூக்கை விட்டால் வேறு வழியில்லை.

4. வாய்

ஹாஜியார் வந்தார். யோகன் ஐஸுக்குப் போனான். நான் வீட்டுக்குள் பாய் விரிக்கப் போனேன். அடுப்பில் கிடந்த பாணியைக் கிளற ஆள் இல்லாமல் போயிற்று.

நான் திரும்பி வரும்போது ஹாஜியார் கதவடியில் நின்றார். வாய் இறுக்கி மூடியிருந்தது. கண் இரண்டும் வெளியே தள்ளியிருந்தன.

"ஹாஜியார், மணம் எப்பிடி?"

"ம்ம்ம்."

"நல்லமா?"

தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு விரல்களைக் குவித்து எதையோ தூவிக் காட்டிவிட்டுக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார்.

"உப்புக் கூடவா? மணத்துலயா?"

ஓம் ஓம் என்று தலையாட்டினார். அடுத்ததாக இரண்டு உள்ளங்கையையும் ஒட்டவைத்து, பிரிக்க முடியாமல் இழுத்து இழுத்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்து யோகன் ஐஸோடு வந்தான்.

"என்ன காக்கா, ஹாஜியார் கும்பிடுறாரு?"

"கும்பிடல்லடா, துஆக் கேக்கச் சொல்றார்!"

ஹாஜியார் தலையில் அடித்துக்கொண்டு, என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சட்டியைக் காட்டினார். அகப்பை பிடிக்க ஆள் இல்லாமல் நேராக நின்றது. பாணி தொதல் இனிப்பின் இறுகிய பதத்துக்கு வந்திருந்தது. அவருடைய வெள்ளைத் தாடியில் மண்ணிறத்தில் ஒரு கட்டி ஒட்டிக்கொண்டு மினுங்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய மேல் பல்லும் கீழ்ப் பல்லும் என் பாணியில் ஒட்டிக்கொண்டுவிட்டன.

வெளியில் வான் வந்து நின்ற சத்தம். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று மாப்பிள்ளையின் வாப்பா உள்ளே வந்துவிட்டார். ஹாஜியார் ஒரு கையால் தாடியைப் பொத்திக்கொண்டு போனார்.

யோகன் என் காதுக்குள் கேட்டான். "காக்கா, மூக்குக்குப் பல்லு இரிக்கா?"

"பொத்துடா வாய!"

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஐஸ் எல்லாம் ஞாபகம் வந்தது. ஒரு வாய் சோற்றுக்காக இந்த மனிதர் தன்னுடைய குசினிக்குள் எத்தனை நாள் ஒளித்திருக்கிறார் என்று நினைக்கப் பாவமாக இருந்தது. சுடுதண்ணீர் ஒரு கோப்பை குடித்தால் பல் விட்டுப்போகும். ஆனால் ஊருக்கு முன்னால் அவர் நோன்பாளி. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் வரைக்கும் குடிக்க ஏலாது. சம்பந்தியை விட்டு எழும்பவும் ஏலாது.

நானும் யோகனும் பாய்ந்தோம். பாணியில் பாதியை அள்ளி எடுத்துவிட்டு, மீதிக்குள் அன்னாசிச் சாறும் விளாம்பழமும் சுடுதண்ணீரும் விட்டுக் கரைத்தோம். பூசியிருந்த கோழிகளை ஈரத்துணியால் துடைத்து மறுபடி பூசி, தணலில் பிரட்டினோம். உப்பு இப்போது சரியா என்று பார்க்க ஆள் இல்லை. இருந்த ஒரே ஆளுக்கும் வாய் ஒட்டிவிட்டது.

வீட்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் வாப்பாவுடைய குரல் கேட்டது. "மாஷா அல்லாஹ், சம்மந்தி! நோன்பெண்டா இப்பிடித்தான் இரிக்கணும். ஒரு வீண் கதை இல்ல!"

"ம்ம்ம்" என்றார் ஹாஜியார்.

அதற்குள் மாப்பிள்ளையின் உம்மா குசினி வாசலுக்கு வந்துவிட்டார்.

"மகன், ஒருக்கா வெளிய நில்லுங்க. சம்மந்தி ஊட்டுக் குசினி எப்பிடி எண்டு பாக்கணும்."

கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் திறந்தது. "துப்புரவாத்தான் இரிக்கி" என்று சொல்லிக்கொண்டு போனார். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கோழிக்கு ஒரு செட்டையைக் காணோம்.

"யோகன்! செட்டை எங்கடா?"

"அம்மாளறிய நான் தொடல்ல காக்கா! வெள்ளிக்கிழமை!"

"அப்ப பறந்தா போயிட்டு?"

பூனை என்று முடிவு கட்டினோம். செட்டை இல்லாத பக்கத்தைச் சோற்றுக்குள் புதைத்துவிட்டோம்.

5. பாங்கு

பாங்கு சொன்னது. ஹாஜியார் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கஞ்சிக் கோப்பையை எடுத்தார். சூடு பார்க்கவில்லை. இதழை விலக்கி மூன்று கோப்பை உறிஞ்சினார். நான்காவதில் வாய் திறந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். அப்படி ஒரு அல்ஹம்துலில்லாஹ்வை நான் கேட்டதில்லை. மாப்பிள்ளையின் வாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகரிப் தொழுகை முடிந்து சஹன்கள் வீட்டுக்குள் போயின. நானும் யோகனும் குசினிக்குள் தீர்ப்புக்குக் காத்து நின்றோம். முதலில் வந்தது தீர்ப்பு அல்ல, ஹாஜியார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி. அவரை நாங்கள் ராத்தா என்போம்.

ராத்தா அவருடைய தாடியைப் பிடித்தார். "இது என்ன?"

"அது... கஞ்சி."

"கஞ்சி மினுங்குமா? டொக்டர் உங்களுக்கு நோன்ப விடச் சொன்னது மருந்து குடிக்கவா, பாணி குடிக்கவா? சீனி ஏறிக் கால எடுத்தா ஆரு உங்களத் தூக்கித் திரியிற?"

சொல்லி முடித்த பிறகுதான் வாசலைப் பார்த்தார். மாப்பிள்ளையின் உம்மா வெறும் சஹனோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். ஹாஜியாரின் முகம் வெளுத்துப்போனது. இறைச்சிக்கு உப்பு இல்லை என்ற கதை போய், இனி இந்தக் கதை பாலமுனைக்குப் பஸ் ஏறும் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"வருத்தத்துக்கு விட்டாக் குத்தமில்ல எண்டு நானே எத்தின பேருக்குச் சொல்லியிரிக்கன்" என்றார் ஹாஜியார், தலையைக் குனிந்துகொண்டு. "எனக்கெண்டு வந்தாத்தான் சொல்ல வாய் வரல்ல, சம்மந்தி."

அந்த அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"உங்கட கோழிக்கு இண்டைக்கு உப்பு, புளி, இனிப்பு மூண்டும் சரி. பாங்குக்கு முதலே எனக்குத் தெரியும்."

"மணத்துலயா?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"செட்டைல. எனக்கும் சீனிதான் மகன். ரெண்டு வருஷமா நோன்பு இல்ல. என்ட ஊட்டுலயும் நான் கதவச் சாத்திப்போட்டு மணம்தான் பாக்கிற."

பிறகு யோகன்தான் வாயைத் திறந்தான்.

"அப்ப அது பூனை இல்ல காக்கா."

ஹாஜியார் சிரித்த சிரிப்பில் மேல் பல் செட்டு கழன்று சஹனுக்குள் விழுந்தது. ராத்தா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் உம்மா கண்ணீர் வரச் சிரித்தார், அதில் கொஞ்சம் உண்மையான கண்ணீரும் இருந்தது. அதற்குப் பிறகு அந்த மகளைப் பற்றி, அந்தச் சமையலைப் பற்றி, பாலமுனையிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் ஹாஜியார் குசினிக்கு வந்தார். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு எல்லாருக்கும் முன்னால் குந்தினார். கதவு திறந்தே கிடந்தது.

"றபீக், கரண்டி ஒண்டு கொண்டா. எனக்கு வருத்தம், நோன்பு இல்ல. உப்பு நான் பாக்கிறன்."

யோகன் பழக்கத்தில் பேக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

"எங்கடா போற?"

"ஐஸுக்கு, ஹாஜியார்."

"இனி என்னத்துக்குடா ஐஸ்!"

ஆகவே தம்பிமாரே, உப்பைக் கடைசியில் போடுங்கள். வற்றுகிற பாணியை விட்டு அங்கால போகாதீர்கள். ருசி பார்க்க, வெட்கப்படாமல் கரண்டி கேட்கிற ஆளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் சொந்தப் பல் உள்ளவராக. ஃப்ரீசரில் கிடந்த ஐஸ் எங்களுக்குப் பெருநாள் வரைக்கும் போதுமாக இருந்தது.