புளிப்பு என்றொரு சொல்

"மேடம் கேல்யா" என்று எங்கள் கம்பெனி சஞ்சய் போனில் மராத்தியில் சொன்னதும், "குடே?" என்று கேட்டேன். போனார்கள் என்றால் எங்கே என்றுதானே கேட்கத் தோன்றும்? ஓய்வு பெற்றபின் ஊர் ஊராகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். மராத்தியிலும் நம் தமிழைப் போலவே போனார் என்றால் போயே விட்டார் என்றும் பொருள் உண்டு என்பது அப்புறம்தான் உறைத்தது.

புனேக்குப் பக்கத்தில் போசரியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு விஜயா மேடத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எஃகுப் பாகங்களுக்கு நிக்கல் பூசும் எங்கள் கம்பெனியில் லேப் அவர் பொறுப்பு, உற்பத்தி என் பொறுப்பு. அதாவது நான் சரக்கை அனுப்பத் துடிப்பேன், அவர் நிறுத்தி வைப்பார். புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழ் பாதி வேலூர், பாதி இந்தி. திருநெல்வேலிக்காரனான எனக்கு முதலில் அது தமிழாகவே படவில்லை. "நீங்க பேசுறது ரேடியோ நியூஸ் மாதிரி கீது சார்" என்று அவர் என்னைக் கேலி செய்வார்.

எங்கள் பூச்சுக்கு மின்சாரம் தேவையில்லை. சூடான பச்சைக் கரைசலில் பாகத்தை இறக்கினால் நிக்கல் தானாகவே படியும், கூடவே கொஞ்சம் பாஸ்பரசும் சேரும். பூசப் பூசக் கரைசலில் அமிலம் ஏறி, வேலை மந்தப்படும். அமோனியா ஊற்றிச் சரிக்கட்டுவோம். அளவுக்கு மேல் ஊற்றிவிட்டால் நிக்கல் மடமடவென்று படியும், ஆனால் பாஸ்பரஸ் குறைந்துவிடும். பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும், கடற்காற்றுக்குத் தாங்காது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அமிலம் ஏறினால் பிஎச் எண் இறங்கும்; அமிலம் இறங்கினால் எண் ஏறும்.

ஒருநாள் மீட்டர் பழுதாகிக் கிடந்தது. காகிதத்தை நனைத்து நிறம் பார்த்த ஆள், ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது சஞ்சயிடம் "கமீ ஆஹே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குறைவு என்றது அமிலத்தை. சஞ்சய் எடுத்துக்கொண்டது எண்ணை. எண் குறைந்தால் அமோனியாதானே என்று ஊற்றிவிட்டார்.

அன்று சரக்கு நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கடலோர ஆலை ஒன்றின் பம்புகளுக்கான பாகங்கள். நான் குஷியாக லாரிக்குச் சொல்லிவிட்டேன். மேடம் ஒன்றை எடுத்து நைட்ரிக் அமிலத்தில் முக்கினார். நல்ல பூச்சென்றால் மின்னிக்கொண்டே வெளியே வரும். இது கறுத்து வந்தது. "சீக்கிரம் முடிஞ்சப்பவே எனக்கு டவுட்டு சார்" என்றார்.

மொத்தப் பூச்சையும் நீக்கி மறுபடி பூச வேண்டும் என்றானது. முதலாளி எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கொதித்துப் போய், சஞ்சய் இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். சஞ்சய்க்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. வேலையும் காண்ட்ராக்ட்டில்தான். சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் எழுந்தார். இவனை அனுப்பினால் நாளைக்கு இன்னொருவன் இதே வார்த்தையைக் கேட்டு இதையே செய்வான், அவனையும் அனுப்புவீர்களா, அப்படியென்றால் என்னையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள் என்று மராத்தியில் கேட்டார். கணவரை இழந்து, தனியாக மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த வேலையின் அருமை அவருக்குத் தெரியாதா என்ன? கடைசியில் முதலாளி, பார்க்கலாம் போங்கள் என்றார்.

வெளியே வந்ததும் மேடம், தப்புக்கு இந்திச் சொல்லைப் போட்டு, என்னிடம் சொன்னார்: "கல்தி அவனுது இல்ல சார், வார்த்தையோடது. அத்த மாத்தணும்."

மறுநாள் முதல் தொட்டியருகே 'கமீ', 'ஜாஸ்தி' என்று மொட்டையாகச் சொல்லத் தடை. எண்ணைப் பற்றிப் பேச்சே கூடாது. 'புளிப்பு' ஏறியதா, இறங்கியதா என்று மட்டும் சொல்ல வேண்டும். புளிப்புக்கு மராத்தியில் எங்கள் 'ஆம்பட்' இருக்கும்போது எதற்குத் தமிழ் என்று சஞ்சய் கேட்டார். அது கேண்டீன் பருப்புக்கும் ஆகும், ஜொள்ளு விடும் ஆம்பளைகளைப் பற்றிய கிண்டலுக்கும் ஆகும், தொட்டிக்கென்றே ஒரு வார்த்தை வேண்டும் என்றார் மேடம். மராத்தியிலும் 'ள' இருப்பதால் எல்லோரும் சுத்தமாகவே சொன்னார்கள். டெல்லியிலிருந்து வந்த ஆடிட்டருக்குத்தான் கடைசிவரை வரவில்லை.

ஔந்தில் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தோம். மகள் தமிழில் தயங்கித் தயங்கிப் பேசினாள். "அங்கிள், அம்மா போன்ல எப்பவும் புளிப்பு புளிப்புன்னு சொல்வாங்க. நான் சாம்பார்னு நெனச்சேன்." துக்க வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு அழுகையும் வந்துவிட்டது. சஞ்சய்தான் அவளுக்கு மராத்தியில் விளக்கினார். தொட்டி, அமோனியா, கறுத்துப்போன பாகம், முதலாளி அறை எல்லாவற்றையும் சொன்னார். உன் அம்மா அன்று எழுந்து நிற்காவிட்டால் நான் இன்று எங்கே இருப்பேனோ என்று சொல்லி முடித்தார். அவளுக்கு இது எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

வேலையிடத்தில் என்னோடு தமிழ் பேச அவர் ஒருவர்தான் இருந்தார். எங்கள் வாக்குவாதங்களில் பாதி எனக்கு இப்போது நினைவில்லை. மிச்சமிருப்பது அந்த ஒரு சொல். அதையும் நான் சொல்வதில்லை, கேட்கிறேன். துக்கம் கேட்டு வந்த மறுநாள் காலை, இப்போது ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கும் சஞ்சய் தொட்டியருகிலிருந்து என்னைப் பார்த்து, "சார், புளிப்பு வாட்லா" என்றார். ஏறியிருக்கிறதாம். அமோனியா ஊற்றச் சொன்னேன்.