முடிவு பிரமாதம்

சிதம்பரத்தில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், போன மாதம் ஒரு கறுப்பினப் பெண்ணின் நாவலைப் பேசினோம். சலவைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். உயிரோடு இருந்தவரை அவர் எழுத்தை யாரும் சீண்டவில்லை. "கூட இருந்தவங்க ஒருத்தர்கூடவா படிக்கல?" என்று நான் ஆத்திரமாகக் கேட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் மேரியின் தங்கை வந்தார். மேரி எங்கள் வட்டத்துக்குப் புவனகிரியிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்த நர்ஸ். மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார்.

"அக்கா எழுதுன நாவல் உங்ககிட்டதான் இருக்காம் சார். வேற காப்பி இல்ல."

இருந்தது. ரெண்டு வருஷமாகப் பீரோ மேல், கட்டிய நூல்கூட அவிழாமல். "படிச்சீங்களா சார்?" என்று மேரி கேட்டபோது, "படிச்சேம்மா, முடிவு பிரமாதம்" என்று கூசாமல் சொன்னவன் நான். "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நூலை அவிழ்த்தேன். கடைசித் தாளில் மேரியின் கையெழுத்து: "முடிவு இன்னும் எழுதவில்லை. சார் படித்ததும் கேட்க வேண்டும்."

மறுநாள் தாள்களை வாங்கிக்கொண்ட தங்கை, "இத உங்ககிட்ட குடுத்ததுக்கு அப்புறம் அக்கா எழுதுறதயே வுட்டுடுச்சு சார். ஏன்னுதான் தெரியல" என்றார்.

எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.