மாலே போகும் வழியில் வெள்ளவத்தை

மாலத்தீவில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. அதுவரை விமானத்தைக் கீழேயிருந்துதான் பார்த்திருந்தேன். ஏஜென்ட் போட்டுக்கொடுத்த டிக்கெட்டில் திருச்சியிலிருந்து கொழும்பு, கொழும்பில் ஒரு பகலும் ஓர் இரவும், மறுநாள் காலை மாலே. "கொழும்புல ஒரு அம்மா வீட்டுல ரூம் இருக்கு மேடம், நம்ம டீச்சருங்க எல்லாரும் அங்கதான் தங்குவாங்க" என்றார். ஆட்டோகிராப்பில் எழுதித் தருவதுபோல ஒரு துண்டுத் தாளில் அந்த அம்மாவின் எண்ணை எழுதித் தந்தார்.

கிளம்புவதற்கு முந்தைய இரண்டு இரவுகள் நான் சரியாகத் தூங்கவில்லை. ஏழு வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகிறேன். கணவரின் துணிக்கடை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது, வேறு வழி இருக்கவில்லை. புதுக்கோட்டையில் நான் பஸ் ஏறும்போது மகள் என்னைப் பார்க்காமல் பக்கத்துப் பெட்டிக்கடையில் தொங்கிய பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விமானம் ஒரு மணி நேரம்கூடப் பறக்கவில்லை. திருச்சிக்கு வந்த பஸ்ஸே அதைவிட அதிக நேரம் எடுத்திருந்தது. இவ்வளவு பக்கத்திலா வெளிநாடு இருக்கிறது என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. கொழும்பைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. அங்கே எல்லாரும் தமிழ் பேசுவார்கள் என்று என் அம்மாவிடம் உறுதியாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எனக்காகக் காத்திருந்த டிரைவருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியவில்லை. சிரித்தார், பெட்டியை வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் பெயர்ப்பலகைகளில் வட்ட வட்டமான எழுத்துகள், அதற்குக் கீழே நம் எழுத்து. முதலில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். பிறகு களைப்பில் கண் எரிந்தது, விட்டுவிட்டேன். நான் தங்கவேண்டிய வெள்ளவத்தைப் பகுதிக்குள் கார் நுழைந்ததும் சேலைக்கடை, நகைக்கடை, கோயில், கல்யாண மண்டபம் என்று தமிழ்ப் பலகைகளாக வந்தன. வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாம் மாடியில் அவருடைய வீடு. கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாக் களைச்சுப் போனீங்கள் போல. குளிச்சிட்டுக் கொஞ்சம் படுங்கோ பிள்ளை. பிறகு கதைப்பம்."

எனக்குக் கதை கேட்கத் தெம்பில்லை. "பரவாயில்லம்மா, கதையெல்லாம் வேண்டாம்" என்றேன். அவர் ஒரு கணம் முகத்தைச் சுருக்கிவிட்டுக் குசினிக்குள் போனார். குசினி என்றால் சமையலறை என்பதும், கோப்பை என்றால் சாப்பிடும் தட்டு என்பதும் அடுத்த அரைமணி நேரத்தில் தெரிந்தது. கதைப்பது என்றால் வெறுமனே பேசுவது என்பது மட்டும் அப்போதும் பிடிபடவில்லை. தெரியாத மொழியென்றால் காதை மூடிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். இது என் மொழி. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஏதாவது ஒரு சொல்லில் தடுக்கி விழுந்து எழுந்துகொண்டிருந்தேன். அந்தக் களைப்பு பஸ், விமானக் களைப்பைவிட அதிகமாக இருந்தது.

தூங்கி எழுந்தபோது மூன்று மணி. மகள் பள்ளியிலிருந்து வரும் நேரம். அறையில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது.

"அம்மா, கீழ போய்ப் பாப்பாகிட்ட பேசிட்டு வந்துடறேன்."

அவர் கையிலிருந்த பேப்பரைத் தாழ்த்தினார். "சின்னப் பிள்ளையை ஏன் பேசுறியள்? பாவம், அது என்ன செய்தது?"

"ஒண்ணும் செய்யலயே..."

"அப்ப பேசாதேங்கோ. தூரத்தில இருந்து பிள்ளையைப் பேசினா அதுக்கு மனம் உடைஞ்சு போகும்."

அந்த ஊரில் பேசுவது என்றால் திட்டுவது என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த அம்மா எதற்காக என் குழந்தையிடம் என்னைப் பேசக்கூடாது என்கிறார் என்று எரிச்சலோடு படியிறங்கினேன். பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டு எண்ணையும் பார்த்துக்கொள்ளவில்லை.

சந்து நேராகக் கடலுக்குப் போனது. பெரிய ரோட்டைக் கடந்தால் ரயில் தண்டவாளம், அதற்கு அந்தப் பக்கம் கறுப்புப் பாறைகள், கடல். எங்கள் ஊரில் ரயிலுக்கும் கடலுக்கும் சம்பந்தம் கிடையாது. தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று வீடியோ கால் போட்டேன். மாமியார் எடுத்தார். "வாடி, அம்மா பாரு" என்று அவர் கூப்பிடுவதும், "வரல" என்று அவள் சொல்வதும் கேட்டது. திரையில் எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும் தெரிந்தது. "அப்புறமா பேசுவாடி, நீ சாப்டியா?" என்றார் மாமியார். துண்டித்த பிறகு அங்கேயே நின்று அழுதேன். வெளிநாட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

யாரோ சத்தம் போட்டார்கள். திரும்பினால் காக்கிச் சட்டையில் ஒரு போலீஸ்காரர் வேகமாக வந்துகொண்டிருந்தார். என் முழங்கையைத் தொடாமல், கையை மட்டும் குறுக்கே நீட்டி என்னைத் தண்டவாளத்திலிருந்து ரோட்டுப் பக்கமாக ஒதுக்கிக் கொண்டுவந்தார். ஏதேதோ கேட்டார். "நங்கி, கெதர கொஹெத?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "இந்தியா, டீச்சர், மாலத்தீவ்" என்றேன். பாஸ்போர்ட் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும், அது மாடி அறையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. வேலை போயிற்று, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் தோன்றியது. எங்களுக்குப் பின்னால் ஒரு ரயில் இரைந்துகொண்டு போனது. கதவிலெல்லாம் ஆட்கள் தொங்கினார்கள்.

எதிரே குளிர்பானக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் ரோட்டைக் கடந்து வந்தார். போலீஸ்காரரோடு சிங்களத்தில் கொஞ்சம் கதைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பயப்புடாதீங்க. அவர் ஒண்டும் ஏசல்ல. தங்கச்சி, வூடு எங்கண்டு கேக்கிறார்."

"நான் ஒரு தப்பும் பண்ணலங்க. ஃபோன்தான் பேசினேன்."

"தெரியும். அழுதுட்டு லைனுக்குப் பக்கத்துல நிண்டீங்க. அவர் வேற மாதிரி நினைச்சிட்டார். எங்க தங்கி ஈக்கிறீங்க?"

வேற மாதிரி என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்ததும் போலீஸ்காரரின் முகத்தைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். அவருக்கும் வியர்த்திருந்தது. நான் தலையை ஆட்டி ஆட்டி "இல்ல, இல்ல" என்றேன். அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. சிரித்தார்.

வீட்டுக்கார அம்மாவின் எண் ஃபோனில் இருந்தது. பெரியவர் அதை வாங்கிப் பேசி இடத்தைக் கேட்டுக்கொண்டார். போலீஸ்காரர் மூன்றாம் மாடி வரை என்னோடு ஏறி வந்தார். இனி இந்த அம்மாவிடம் என்ன திட்டு வாங்க வேண்டியிருக்குமோ என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அந்த அம்மா கதவிலேயே போலீஸ்காரரோடு சிங்களத்தில் சரளமாகக் கதைத்தார், தண்ணீர் கொடுத்தார், "பொஹொம ஸ்தூதி, மல்லி" என்று வழியனுப்பினார். பொஹொம ஸ்தூதி என்றால் ரொம்ப நன்றி, மல்லி என்றால் தம்பி என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கதவைச் சாத்தியதும் என் பக்கம் திரும்பினார். "பாஸ்போட் இல்லாமலே வெளிக்கிட்டனீங்கள்?"

"கீழதானேன்னு போய்ட்டேன்மா."

"நான் கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் ஐடி கொண்டு போவன்."

"இப்பதான் பிரச்சினை ஒண்ணும் இல்லயேம்மா?"

"இல்லைத்தான். ஆனா பழகிப்போச்சு பிள்ளை." அவ்வளவுதான் சொன்னார்.

பால் சேர்க்காத பிளேன் டீயும் புட்டும் வைத்தார். ஏன் அழுதேன் என்று கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், கடை மூடியது, மகள் ஃபோனுக்கு வராதது எல்லாம். கேட்டுக்கொண்டே தேங்காய்ச் சம்பலை என் பக்கம் நகர்த்தினார்.

"உங்கட பிள்ளை உடன கதைக்காது. கோவம் இருக்கும்தானே. மாசக்கணக்கில இழுக்கும். பிறகு தானாக் கதைக்கும்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எத்தினை டீச்சர்மார் அந்த அறையில படுத்தெழும்பிப் போனவை. திரும்பி வரேக்கை சொல்லுவினம்."

ஆறுதல் சொல்வதுபோல அவர் சொல்லவில்லை, மழை எப்போது விடும் என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. கோப்பையைக் கழுவ எழுந்தேன். "வையுங்கோ, நான் செய்வன்" என்றார். வைத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்திலேயே போய்ப் படுத்தேன். பக்கத்துக் கோயிலில் மணி அடித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை.

காலையில் அதே டிரைவர் வந்தார். அம்மா வாசலில் நின்று, "போட்டு வாங்கோ" என்றார். கார் கிளம்பியதும் கண் சொருகியது. தீவுகளை மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்று விமானத்தில் ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கியிருந்தேன். பெல்ட்டை மாட்டியது வரைதான் தெரியும். மாலேயில் எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் தோளைத் தட்டி எழுப்பினார்.