நல்லா இருந்த பிரேக்

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி ஈக்கி. நல்லா ஓடுற சாமான் கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது. சுத்திக்கிட்டிருக்கிற ஃபேனை நிப்பாட்டிக் கழட்டுவார். கேட்டா, "நல்லா ஈக்கிறத இன்னும் நல்லாக்கினா என்ன குத்தம்?" என்பார். வீட்டுக்குள்ள நடந்த வரைக்கும் நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

பெருநாளைக்கு அடுத்த நாள் மாத்தளை ஆக்கள் பாதிப் பேர் ரிவர்ஸ்டன் மலைப் பக்கம்தான். நாங்களும் மிஞ்சின புரியாணியைச் சட்டியோட கட்டிக்கிட்டு, சின்ன மகளையும் கூட்டிக்கிட்டு எங்கட த்ரீவீலர்ல போனோம். எத்தனை வளைவு! எல்லாத்துலயும் பிரேக் நல்லாத்தான் பிடிச்சது. மேல பாய் விரிச்சுச் சாப்பிட்டோம். நான் சட்டியைக் கழுவிட்டு வந்து பார்த்தா, மனுஷன் பின் டயருக்குப் பக்கத்துல ஸ்பேனரோட படுத்துக் கிடக்கார்.

"பிரேக் மிதி கொஞ்சம் கல்லு மாதிரி ஈக்கி. இந்தச் சின்ன நட்டைத் திறந்து கொஞ்சம் பிரேக் எண்ணெயை வெளிய எறக்கிட்டா பூ மாதிரி ஆயிடும்."

"நல்லாப் பிடிச்சுதே! இந்த மலை உச்சியிலயா உங்கட வேலை?"

"நீங்க சும்மா ஈங்க."

சமதரையில ஒருக்கா உருட்டிப் பார்த்தார். நின்னுச்சு. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேற.

எறங்கத் தொடங்கினதும் பனி மூடிட்டு. முதல் வளைவுல வண்டி பிந்தித்தான் நின்னுச்சு. அடுத்ததுல அவர்ட கால் மிதியோட அடி வரைக்கும் போனதைக் கண்டேன். திரும்ப மிதிச்சார். திரும்பவும் அடி வரைக்கும். "மகளை இறுக்கிப் பிடிங்க" என்றார், திரும்பிப் பார்க்காம. அந்தக் குரலை நான் அவர்ட வாயில அதுக்கு முன்னால கேட்டதே இல்லை.

என்ட ரப்பே! ஒரு பக்கம் பள்ளம், அடி தெரியல்ல, வெறும் வெள்ளை. புள்ளைட தலையை நெஞ்சோட அமுக்கிக்கிட்டேன். கலிமா சொல்லப் பார்த்தேன், நாக்கு புரளல்ல. கியரைக் குறைச்சார், இஞ்சின் அலறிச்சு. கை பிரேக்கை இழுத்தார், வேகம் கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா நிக்கல்ல. கடைசியில ஹேண்டிலை மலைப் பக்கம் ஒடிச்சு, மண்மேட்டோட உரசிக்கொண்டு போய், ரோட்டோரத்துல தண்ணி ஓடுற கானுக்குள்ள இறக்கினார். நின்னுச்சு. மகள் அழுதாள். அழுற சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கீழ ரத்தோட்ட ஊர்ல ஈக்கிற கராஜ்காரருக்குப் போன் எடுத்தார். வாறேன்னு சொன்னாராம். அந்த நேரம் மாத்தளை பஸ் ஒண்டு வந்தது. "புள்ளையோட நீங்க போங்க, நான் வண்டியோட நிக்கிறேன்" என்றார். எனக்கும் அந்த இடத்தை விட்டுப் போனாப் போதும். ஏறிட்டேன்.

பஸ் நகருது. கண்ணாடியால பார்த்தேன். பஸ் ஆக்கள் கானுக்குள்ள இருந்து ரோட்டுக்குத் தள்ளி விட்ட வண்டியைக் கை பிரேக்குல நிப்பாட்டிட்டு, திரும்பவும் அந்த டயரடியில குந்திட்டார். இந்த மனுஷன் கராஜ்காரர் வரும் வரைக்கும் இருக்க மாட்டார். சரி பண்ணிட்டேன்னு தானே நினைச்சுக்கிட்டு, ஓட்டிக்கிட்டு எறங்கிடுவார்.

"ஐயோ மல்லி, நவத்தன்ன!" என்று பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லிச் சிங்களத்துல கத்தினேன். கண்டக்டர் பயந்து மணி அடிச்சார்.

மகளைத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஓடினேன். நான் போய்ச் சேரும்போது சீட்டுல ஏறி உட்கார்ந்துட்டார். "ஏன் எறங்கினீங்க? இப்ப நல்லாப் பிடிக்குது. அந்த வளைவு வரைக்கும் ஒருக்கா உருட்டிப் பார்ப்பம்."

மகளை இடுப்புல வச்சபடி முன் டயருக்கு நேரா ரோட்டுல உட்கார்ந்தேன்.

"எங்களுக்கு மேலால உருட்டிப் பாருங்க" என்றேன்.

மனுஷன் மகளைப் பார்த்தார். பிறகு சாவியைக் கழட்டி என்ட கையில தந்தார்.