மூட்டையில் ஊர் பேர்

பழைய பிளாஸ்டிக் தொழிலில் மூட்டையைவிட வாயைத்தான் இறுக்கிக் கட்ட வேண்டும். சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டால், விடிந்ததும் அங்கே இன்னொருத்தன் தராசு தொங்கும். காயலான் கடை வைத்து வயிறெரியும் சகோதரர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. சைக்கிளில் கூவித் திரிந்த நான் திண்டிவனத்தில் அரைக்கிற மிஷின் போட்டதே இந்த ஊமைத்தனத்தால்தான்.

முதல் லோடு

புதுச்சேரிப் பக்கம் பக்கெட்டு செய்கிற கம்பெனி ஒன்று, மாதாமாதம் என் சரக்கை எடுக்கிறேன் என்றது. நிலையான வியாபாரம் என்பதை அதுவரை நான் கண்டதில்லை. முதல் லோடைப் பார்க்க அவர்களுடைய மேனேஜரம்மா வந்தார். அரைத்த சில்லை ஒரு கை அள்ளி மோந்தார். எங்கேயோ ஒரு பூச்சிமருந்து கேன் சேர்ந்து அரைபட்டிருக்கிறது.

எந்த ஊர் மூட்டை என்றார். எனக்கே தெரியவில்லை, தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஊர் தெரிந்தால் அந்த மூட்டையை மட்டும் கழிக்கலாம், தெரியாததால் மொத்த லோடும் வேண்டாம், இனி மூட்டைக்கு மூட்டை ஊர் பேர் இருந்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார். “ஒரு கேனுக்காக இவ்ளோ அலம்பலா?” என்று கத்தினேன். அந்தம்மா குரலை உயர்த்தவில்லை.

“இதுல கொழந்தைங்களைக் குளிப்பாட்டுற பக்கெட்டு செய்யறோம்ணே. மொத பக்கெட்டை உங்க பேத்திக்கே அனுப்பட்டுமா?”

ஓட்டை

அன்றிலிருந்து மருந்து கேன்களைத் தனியே பிரித்து, யாரும் திரும்பப் புழங்கக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் கடப்பாரையால் ஓட்டை போட்டேன். ஒலக்கூர் பக்கத்து அக்கா ஒருத்தி, தான் எடைக்குப் போட்ட கேனையே திருப்பிக் கேட்டு வந்தாள். கொல்லை வேலைக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக வேண்டுமாம். “வெஷம்மா அது!” என்று அவள் கண்ணெதிரே அதையும் குத்தினேன். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

“இந்த மருந்தை அடிச்சி வெளைஞ்சதைத் தின்னுக்கினுதான் கீறோம். கேன்ல மோந்து குடிச்சாதான் சாவு வந்துடுமா?”

ஏகாம்பரம்

கண்டாச்சிபுரத்து ஏகாம்பரம் பல ஊர் சுற்றி, குட்டியானை வண்டியில் சரக்குக் கொண்டுவருபவன். அவன் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம், அவ்வளவு சுத்தம். என் சரக்கில் பாதி அவனுடையது. மார்க்கரை நீட்டி, மூட்டை மேல ஊர் பேர் எழுது என்றேன். சிரித்தான். மறுபடி சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தரம் பிரிக்கிற பொம்பளைகள் அத்தனை பேர் முன்னால், “ஊரைச் சொல்ல ஏன்டா பயப்படறே, திருட்டுச் சரக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

அவன் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வண்டியில் ஏற்றினான்.

“ஊரைச் சொல்லாதடான்னு எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்ததே நீதானே நைனா?”

டீக்கடை

மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஊர் பேர் எழுதினார்கள். கம்பெனியும் திரும்ப எடுக்க ஆரம்பித்தது. ஆனால் ஏகாம்பரம் இல்லாமல் லோடு பாதிதான் நிரம்பியது. முழு லோடு தராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார் அந்தம்மா. கண்டாச்சிபுரம் போய் அவனை டீக்கடையில் பிடித்தேன். விலை ஏற்றித் தருகிறேன், உன் ஊர் எதிலும் சரக்கெடுக்க என் வண்டி நிற்காது என்றெல்லாம் பேசினேன். ‘தப்பா சொல்லிட்டேன்டா’ என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும் வாயை அவிழ்க்கவில்லை. என் டீக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான்.

“திருட்டுச் சரக்கு இல்லன்னு தெரிஞ்சிக்க நைனா, எல்லா ஊரையும் சொல்றேன், எழுதிக்கோ. மூட்டை மட்டும் இனிமே வேற ஷெட்டுக்குப் போவுது.”

ஊர் பேரை மறைத்துத் தொழிலில் நிமிர்ந்தவன் நான். இப்போது ஏகாம்பரத்தின் ஊர் பேரெல்லாம் சட்டைப் பையில் கிடக்க, எழுத அவன் மூட்டையில்லாமல் அலைகிறேன்.