தட்டில் ஓர் அலுவலகம்

பித்தளை ஆமையை வடக்கு பார்த்தபடியே தூக்கி, வடக்கு பார்த்தபடியே தட்டில் வைக்கிறார். அடுத்து மேலாளர் அறையிலிருந்து தொந்தி தள்ளிய சிரிக்கும் புத்தர். பிறகு ஜன்னலோரக் கண்ணாடி உருண்டை. கடைசியில், வாயில் காசு கவ்விய மூன்றுகால் தவளைகள் இரண்டு. வாசலோர மேசையில் இருப்பது ஸ்டோர்காரருடையது. எதிர்மூலையில் இருப்பது டெஸ்பாட்ச்காரருடையது. அறையில் மேசைகள் எப்படியோ, தட்டில் பொருள்கள் அப்படி. காலை ஏழரைக்கு எங்கள் அலுவலகம் முழுவதும் அந்த அலுமினியத் தட்டுக்குள் அடங்கிவிடும். பொருள்களைத் துடைத்து, மேசைகளைத் துடைத்து, தட்டைப் பார்த்துத் திரும்ப வைப்பார்.

அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அவர், தன்னைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான்.

கதவில் தொங்கும் காற்றுமணியைத் துடைக்கும்போது அதன் நாக்கைப் பிடித்துக்கொள்வார். "ஆள் வராதப்ப அடிச்சா யாருக்கு லாபம்?" தவளை வாசலைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அதிர்ஷ்டம் வெளியே குதித்துவிடும் என்று அதை விற்ற கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். "இருக்கறதே மூணு காலு. அது எங்க சார் குதிக்கப் போகுது?" என்பார். ஆனால் ஒரு நாளும் அதை வாசல் பக்கம் திருப்பியதில்லை.

யாருடைய மேசையில் எது, எதற்காக என்பது அவருக்குத் தெரியும். "ஆமை வெச்சவருக்கு முதுகுவலி. உருண்டை வெச்சவங்களுக்கு மாமியார். நான் என்ன டாக்டரா? துடைக்கத்தானே செய்யறேன்."

நடு மேசையில் கடிதங்கள் தட்டச்சு செய்யும் என்னிடம் எதுவும் கிடையாது. "உங்களுக்கு ஒண்ணும் வேண்டாமா சார்?"

"உங்களுக்கு?"

"எனக்கு மேசையே இல்லையே. பக்கெட்டுலயா வைக்கறது?"

ஸ்டோரையும் டெஸ்பாட்சையும் ஒன்றாக்கப் போகிறார்கள், ஒருவருக்குத்தான் இடம் என்று பேச்சு வந்த வாரம்தான் இரண்டு தவளைகளும் வந்தன. ஒரே கடை. ஸ்டோர்காரருக்கு ஐம்பத்தொன்று. "இந்த வயசுல எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். டெஸ்பாட்ச்காரரின் மனைவிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்.

முடிவு சொல்லும் நாள் காலை, டீக்காரர் பீரோமேல் பிளாஸ்க் வைக்க இடம் வேண்டித் தட்டைத் தூக்கி, அரைவட்டம் திருப்பி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். அக்கா பார்க்கவில்லை. கடைசியில் எடுத்ததை முதலில் வைப்பது அவர் வழக்கம். தவளைகளை வைத்தார். அடுத்து உருண்டையின் மேசைக்குப் போனால் கைக்கு வந்தது புத்தர். அப்படியே நின்றார். அதற்குள் தவளைக்காரர்கள் இருவரும் வந்து, தவளையின் தலையைத் தடவிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என்னிடம் வந்து குனிந்தார். "சார், தட்டை யாரோ திருப்பி வெச்சுட்டாங்க. தவளை மாறிப்போச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானே அக்கா."

"ஒண்ணுன்னா ரெண்டு பேரு எதுக்கு சார் ரெண்டு வாங்கினாங்க?"

இன்று போய் அவர்களைக் குழப்ப வேண்டாம் என்றேன். அக்கா போய், துடைத்த ஜன்னலையே மூன்று முறை துடைத்தார்.

மாலையில் ஸ்டோர்காரரை மேலாளர் உள்ளே அழைத்தார். ஐந்து நிமிடம். வெளியே வந்து பையில் டிபன் பாக்ஸ், செருப்பு, குடை என்று அடுக்கினார். தவளையை எடுத்து நீட்டினார். "நீங்க வெச்சுக்குங்க அக்கா. உங்க பேரன் விளையாடட்டும்."

அக்கா அதை வாங்கிக் கவிழ்த்துக் காட்டினார். "இது உங்களுது இல்ல சார். உங்களுதுல அடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். காலைல மாத்தி வெச்சுட்டேன். உங்களுது அங்க இருக்கு."

குரலைத் தாழ்த்தவில்லை. எதிர்மூலையில் டெஸ்பாட்ச்காரர் பேனாவை வைத்தார். அவர் உள்ளங்கை மேசையிலிருந்த தவளையின் மேல் போய் உட்கார்ந்தது.

ஸ்டோர்காரர் அந்தக் கையைப் பார்த்தார். "என்கிட்ட இருந்த வரைக்கும் கல்லு மாதிரி இருந்துச்சு. ஒரே நாள் அங்க போய் வேலையை முடிச்சிருக்கு பாருங்க."

"என்னைத் திட்டுங்க சார்."

"திட்டி?"

அக்கா எதிர்மூலைக்குப் போய்க் கையை நீட்டினார். "குடுங்க சார், மாத்திக் குடுத்துடறேன். அவரு கிளம்பறாரு."

"அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே அக்கா, இப்ப எதுக்கு?" கை நகரவில்லை. "வீட்ல பச்சப்புள்ள இருக்கு."

ஸ்டோர்காரர் "வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் ஓயும்வரை அக்கா நீட்டிய கையோடு நின்றார். பிறகு தன்னிடமிருந்த தவளையை அந்த மேசையில் வைத்தார். "இதுதான் உங்களுது."

மறுநாள் ஏழரைக்கு வந்தார். டெஸ்பாட்ச்காரர் மேசைமேல் இரண்டில் ஒரு தவளைதான் இருந்தது. அடியில் ஸ்டிக்கர் இல்லை. இழுப்பறை பூட்டியிருந்தது. தட்டில் ஒரு மூலை காலியாக இருக்க, மற்றவை அவையவை இடத்தில் இருந்தன. வாசலோரக் காலி மேசையைத் துடைத்தார். எதிர்மூலை மேசையையும் துடைத்து, தவளையை உட்பக்கம் பார்க்க வைத்தார். இழுப்பறைப் பக்கம் துணி போகவில்லை.